இராமநவமிப் பானகமும் இருபத்திரண்டு நாளும்

1

நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் அம்மை வார்த்துப் படுத்திருந்தேன். நாலரை என்று வைத்துக்கொண்டால் இன்னும் சரி. அதனால் இதில் ஒற்று எங்கே விட்டுப்போகும், எங்கே கூடிப்போகும் என்று எனக்கே தெரியாது. மறதியும் சேர்ந்துவிட்டது. காலையில் மூக்குக்கண்ணாடியை மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினேன். அப்படிப்பட்டவள் எட்டு வருஷத்துக்கு முந்தின கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

ஊர்ச் சங்கத்து மலருக்கு, வெளியே போனவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று அட்டை வந்திருந்தது. போன மலரில் கனடாக்காரர் பனியைப் பற்றியும் சிங்கப்பூர்க்காரர் அபராதத்தைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நான் கடல் தாண்டவில்லை. யமுனையைத் தாண்டினேன், அதுவும் பஸ்ஸில். ஆனாலும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டெல்லி வந்து இறங்கிய அன்று, தண்ணீர் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. கட்டை விரலை வாயருகே காட்டினேன். ஸ்டேஷன் போர்ட்டர் என்னைக் குடிகாரி என்று நினைத்திருப்பார். இதை வெளிநாடு என்று கணக்கில் சேர்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

எழுத வைத்தது அட்டை மட்டும் இல்லை. இந்த இராமநவமிக்கு எங்கள் காலனி பஜனைக் கூடத்தில் நான் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வரிசையில் நின்றாள். தன் டம்ளர் வந்ததும் வாங்காமல், எல்லாரும் கேட்கிற மாதிரி, "யக்கா, கொதிக்க வெச்சதுதானே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

2

என் வேலையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தார். அவர் போன பிறகு அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன், நான் அவருடைய மனைவிதான் என்பதற்கு ஒரு தாளும், அவர் இறந்துவிட்டார் என்பதற்கு ஒரு தாளும், நான் இறக்கவில்லை என்பதற்கு ஒரு தாளும் கேட்டார்கள். மூன்றாவது தாளுக்குத்தான் நாலு மாசம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் நானே நேரில் போய் நின்றேன், அது போதவில்லை.

வேலை, பாட்டில் கழுவுவது. கண்ணாடிக் குழாய், குப்பி, மூடி எல்லாவற்றையும் முதலில் மருந்துத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரில் ஏழு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். பிறகு அடுப்புப் பெட்டியில் உலர்த்த வேண்டும். எண்ணிக்கை தப்பக் கூடாது. ஆறு தடவை கழுவிய பாட்டிலை மேடம் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். உண்மையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது ஓய்வு பெறும்போதுதான் தெரிந்தது.

மேடம் என்பது டாக்டர் மேடம், பஞ்சாபி அம்மாள். அவருடைய ஆராய்ச்சி மஞ்சள்காமாலையில். இங்கே அதைப் பீலியா என்பார்கள். காமாலையில் பல ஜாதி உண்டாம். ஊசி வழியாக, ரத்தத்தின் வழியாக வருவது ஒன்று. மேடம் பார்த்தது இங்கிலீஷ் எழுத்தில் 'ஈ' என்ற ஜாதி. சாக்கடை கலந்த தண்ணீரில் வருவது. நோயாளியின் மலத்திலிருந்து அந்தக் கிருமியை எடுத்து, அதற்குள் இருக்கிற எழுத்துகளைப் படித்து, எந்தக் கிருமிக்கு எது உறவு என்று பலகையில் மரம் மாதிரிப் போடுவார். நாலே எழுத்துதானாம், மாறி மாறி வருமாம். "நாலு எழுத்துதானா மேடம்? அப்படியானால் நானும் படித்துவிடலாமே" என்று ஒரு தடவை தைரியமாகச் சொன்னேன். மூன்று வருஷத்தில் நான் சொன்ன முதல் நகைச்சுவை அதுதான். மேடம் சிரிக்கவில்லை, காதில் விழவில்லை.

இந்த வேலை தந்த அறிவால் காலனியில் எனக்குத் திமிர் ஏறியது. வாயே திறக்காதவள், தண்ணீர் என்று வந்தால் மட்டும் திறப்பேன். கொதிக்க வையுங்கள், கொப்புளம் வந்த பிறகும் விடுங்கள், மூடி வையுங்கள் என்று படிக்கட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். எனக்கு 'வெந்நீர் செண்பகம்' என்றே பெயர் வந்துவிட்டது. அதைப் பட்டம் என்று நினைத்து உள்ளூரப் பூரித்துப்போயிருந்தேன்.

3

எட்டு வருஷத்துக்கு முந்தின அந்த இராமநவமிக்குப் பானகம் கரைக்கிற பொறுப்பு என் தலையில் வந்தது. காலையில் குழாய் வரவில்லை. நேரம் கழித்து வந்தபோது விரல் தடிமனுக்கு, இருமி இருமி வந்தது. சற்றுக் கலங்கலாகவும் இருந்தது. முதல் பத்து நிமிஷத்தைக் கீழே விட்டேன். பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டி அண்டாவில் பிடித்தேன். வெல்லம் போட்டேன். வெல்லம் விழுந்த பிறகு தண்ணீர் கலங்கலா தெளிவா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட பிறகு வாசனையும் தெரியாது.

வெந்நீர் செண்பகம் ஏன் கொதிக்க வைக்கவில்லை என்று கேட்பீர்கள். சாமிக்குப் படைப்பது புதுத் தண்ணீர். அடுப்பில் ஏறி இறங்கிய தண்ணீரைச் சாமிக்கு வைப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. குழாயில் பிடித்ததும் அப்படியே கரைக்க வேண்டும். மனுஷருக்குக் கொதிக்க வைக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவளுக்கு, அந்த அண்டாவும் மனுஷர் குடிக்கத்தான் என்பது தோன்றவே இல்லை. ராமர் ஒரு கரண்டி. மற்றதெல்லாம் காலனி.

அஞ்சலையும் குடித்தாள். அவள் விழுப்புரம் பக்கம். நாலா என்கிற சாக்கடை வாய்க்கால் ஓரத்துக் குடிசையில் இருந்துகொண்டு எங்கள் காலனியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். என் வீட்டில் வேலை இல்லை, ஆனால் என் வீட்டுப் படியில்தான் டீ குடிப்பாள். "நீ பாட்டில் களுவுற, நான் பாத்திரம் களுவுறேன். உனக்கு கவர்மெண்ட் சம்பளம், எனக்கு எச்சி தோசை. இன்னா நியாயம்க்கா இது?" என்பாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாசம். "ஒனக்கு ரெண்டு டம்ளர் ஊத்துதேன், ரெண்டு உயிரு இருக்குல்லா" என்று நானே கூப்பிட்டு ஊற்றினேன். ஊற்றின கைக்குத் திடமாக நினைவிருக்கிறது. மறக்க வேண்டியது மட்டும் எனக்கு மறப்பதில்லை.

4

சித்திரை கழிந்து வைகாசி நடுவில், காலனியில் ஒருவர் பின் ஒருவராகக் கண் மஞ்சளானார்கள். ஏழெட்டு வீடு. ஒரே மாதிரிக் கிருமியா என்று பார்க்க மேடமே வந்தார். வயசானவர்கள் சிலருக்கு ஹிந்தி கைகொடுக்காது. அதனால் துபாஷி நான். போர்ட்டரிடம் கட்டை விரல் காட்டினவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

மேடத்தின் தாளில் கேள்வி இருந்தது. இரண்டு மாசத்துக்குள் வீட்டுக்கு வெளியே என்ன குடித்தீர்கள்? கரும்புச்சாறா, கோல்கப்பா என்கிற பானிபூரியா, கல்யாண வீடா? குடித்து ஐந்தாறு வாரம் கழித்துத்தான் இந்தக் காமாலை தலைகாட்டுமாம்.

முதல் மாடி பத்மா மாமி வீட்டில் மாமாவுக்குத்தான் காமாலை. மாமி சொன்னாள்: "நாங்க வெளியில பச்சத்தண்ணி தொடறதில்லைன்னு சொல்லுங்கோ செண்பகம். எல்லாம் காய்ச்சி ஆத்தினதுதான். நீங்களே சாட்சி."

சாய்வு நாற்காலியில் கிடந்த மாமா மஞ்சள் கண்ணைத் திறந்தார். "ஏன்டி, ராமநவமிக்குப் பானகம் குடிச்சேனே? நன்னா இருக்குன்னு ரெண்டாந்தரம் வேற போய் வாங்கிண்டேன்."

"அது பிரசாதம்னா! அதைப் போய் கோல்கப்பாவோட சேத்து எழுதச் சொல்றேளா?"

எல்லா வீட்டிலும் இப்படித்தான். யாரும் பொய் சொல்லவில்லை. பிரசாதம் என்பது வெளியில் குடித்தது என்ற கணக்கிலேயே யாருக்கும் வரவில்லை. வாய் தவறிச் சொன்ன ஒரே மனுஷர் மாமாதான்.

மேடம் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "க்யா கஹா?"

எனக்குள் அண்டா தெரிந்தது, துணி தெரிந்தது, இருமி வந்த குழாய் தெரிந்தது. "குச் நஹீ மேடம்," என்றேன். "பூஜை விஷயம் ஏதோ சொல்கிறார்."

மேடம் எழுதினார்: ஒன்றும் இல்லை.

மாமி நிறுத்தவில்லை. "எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். அந்த அஞ்சலை கொண்டுவந்திருக்கா. நாலா ஓரத்துல பன்னி மேயறது. அங்கேருந்து வந்து அதே கையால நம்ம பாத்திரத்தைத் தொடறா. சொல்லுங்கோ உங்க டாக்டர்கிட்ட."

இதை மட்டும் ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னேன். அவ்வளவு சுத்தமான ஹிந்தி என் வாயில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மேடம் 'பன்றி' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார்.

5

அந்த வாரமே நாலு வீடும் அஞ்சலையை நிறுத்தின. அப்போது அவளுக்குக் காமாலை இல்லை. என் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, நான் போனா கதவையே தொறக்க மாட்றாங்க. ஜாலிக் கம்பி வழியாவே 'ஜாவ், ஜாவ்'ன்னு வெரட்டுறாங்க. எட்டு வருசம் கைய வெச்ச ஊடு."

"சரியாப் போவும்ட்டி," என்றேன்.

"நீ அந்த டாக்டரம்மா கூடத்தானே போற? என் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா."

"சொல்லுதேன், சொல்லுதேன்."

டீ கொடுத்தேன். பிஸ்கட்டும் கொடுத்தேன். வழக்கமாகக் கொடுக்காத பிஸ்கட். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள்.

ஏன் சொல்லவில்லை? கூச்சம் என்று மேடத்திடம் பிற்பாடு சொன்னேன். அது பாதிதான் நிஜம். வெந்நீர் செண்பகம் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம் மீதிப் பாதி. படிக்காதவளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தால் அதை அவள் எப்படிக் கட்டிக் காப்பாள் என்று படித்தவர்களுக்குப் புரியாது. இந்த வாக்கியம் எழுதும்போது நன்றாக இருந்தது. திரும்பப் படித்தால் சாக்காகத்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் என் அக்காள் எட்டாம் மாசத்தில் கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், தலையில் எண்ணெய் வைத்து மந்திரித்தார்கள். கண்ணேறு என்று சொன்னார்கள். அந்த ஊரில் ஒரே குளத்தில்தான் குளியல், குடிதண்ணீர், மாடு எல்லாம். ஊரை நினைத்து உருகுகிறவர்கள் உருகட்டும். எனக்கு அந்தக் குளம்தான் முதலில் ஞாபகம் வரும். இந்த 'ஈ' ஜாதி மற்றவர்களைப் படுக்கவைத்து எழுப்பிவிடும், பிள்ளைத்தாய்ச்சியைத்தான் கொண்டுபோகும் என்று மேடம் சொன்ன அன்றுதான், அக்காள் எதனால் போயிருப்பாள் என்று எனக்கு ஒரு யூகம் வந்தது. இவ்வளவும் தெரிந்தவள்தான் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வீடுகள் போய்ப் பத்து நாளில் அஞ்சலைக்குக் கண் மஞ்சளாயிற்று. ஏழாம் மாசம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேரில் ஒருத்தியாகக் கிடந்தாள். நான் போய்ப் பார்த்தபோது கண் மட்டும் இல்லை, நகமும் மஞ்சள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நெசமாவே என் கையாலதான் எல்லாருக்கும் வந்துச்சா? நான் சோப்பு போட்டுத்தான் களுவுனேன். அந்த மாமா பாவம், நல்ல மனுசன். எனக்கு வந்ததுல்ல, சாமி கணக்குத் தீத்துட்டாரு."

தண்ணீர் வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்டேன். கட்டை விரலைத்தான் காட்டினேன்.

6

மறுநாள் காலை மேடம் பலகையில் மரம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிளையில் எங்கள் காலனிக்காரர்கள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்த அஞ்சலையின் கிருமியும் அங்கேதான். நாலா ஓரத்துப் பன்றிகள் எங்கேயோ தூரத்தில், வேறு கிளையில்.

"பன்றி இல்லை," என்றார் மேடம், எனக்கா தனக்கா என்று தெரியாமல். "பன்றியின் கிருமி வேறு வம்சம். இவர்களுடையது எல்லாம் ஒன்று. ஒரே டம்ளரில் குடித்த மாதிரி இருக்கிறது. ஆனால் தாளில் ஒன்றுமே இல்லையே!"

என் கையில் குப்பி இருந்தது. ஐந்தாவது தடவை அலசிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினேன்.

"மேடம், டம்ளர் இல்லை. அண்டா."

எல்லாம் சொன்னேன். ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் புரண்டது. குழாய் பெண்ணாயிற்று, நான் ஆணானேன். மேடம் நடுவில் திருத்தவில்லை. முடிந்ததும் காலண்டரைத் திருப்பி இராமநவமியிலிருந்து விரல் விட்டு எண்ணினார். பிறகு மாமி வீட்டுக்குப் போன நாளிலிருந்து எண்ணினார். "இருபத்திரண்டு நாள்," என்றார். "பாட்டிலை ஏழு தடவை கழுவுகிறீர்களே அம்மா." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

நானும் குடித்தேனே, எனக்கு ஏன் வரவில்லை என்று என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். எனக்கு எப்போதோ பழைய நாளில் வந்துபோயிருக்கிறதாம். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. என் படிப்பு மாதிரியே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஜனைக் கூடத்தில் கூட்டம். மேடம் ஹிந்தியில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நீலமாயிற்று. பூஜைப் பானகத்துத் தண்ணீரில் வந்திருக்கிறது என்று மேடம் சொன்னார். சொன்னேன். அஞ்சலைக்கு உங்களுக்குப் பின்னால்தான் வந்தது, பாத்திரம் தேய்க்கிற கையால் இது சுலபத்தில் பரவாது, அவளும் உங்களோடு குடித்தவள்தான் என்றார். சொன்னேன். கரைத்தது யார் என்று மேடம் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்: "தண்ணி பிடிச்சது நான். கொதிக்க வைக்காம விட்டதும் நான்தான்."



"ராமர் பிரசாதத்துல காமாலையா?" என்றாள் பத்மா மாமி, தழுதழுத்து.

"ராமர் என்னடி பண்ணுவார்?" என்றார் மாமா. "குழாயில வந்தா அவரும்தான் குடிக்கணும். ஆனாலும் செண்பகம், வெந்நீர்னு பேரை வெச்சுண்டு எங்களுக்குப் பச்சத்தண்ணியைக் குடுத்தேளே!"

சிரிப்பு கிளம்பியது. எனக்கு அழுகைதான் வந்தது, ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். கூச்சக்காரிக்கு அது சுலபம்.

குழாயைத் தோண்டிப் பார்க்க மனு கொடுத்தோம். ஒரு ஜன்னலில் சாக்கடை எங்களுடையது இல்லை என்றார்கள். அடுத்த ஜன்னலில் குழாய் எங்களுடையது இல்லை என்றார்கள். பூமிக்கடியில் அவை இரண்டும் ஒன்றாகப் படுத்திருந்ததைத் தோண்டிய பிறகு எல்லாருமே பார்த்தோம். அஞ்சலையை இரண்டு வீடு திரும்பக் கூப்பிட்டது, பத்மா மாமி வீடு முதலாவது. இரண்டு வீடு கூப்பிடவில்லை.

அஞ்சலை பிழைத்தாள். குழந்தை முன்னாலேயே பிறந்துவிட்டது. பூனைக்குட்டி மாதிரி இருந்தது. பெண். செல்வி என்று பெயர்.

7

இப்போது நான் முந்தின நாளே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கரைக்கிறேன். ராமருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் புதுத் தண்ணீர். அவருக்குக் காமாலை வராது என்று மேடம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்.

அஞ்சலை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "அத்தினி பேர் முன்னால எங்க யக்கா எனக்காக எழுந்து பேசுச்சு. வாயே தொறக்காத யக்கா." எட்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள். கூட்டத்தில் நான் அண்டாவைச் சொன்னேன். அதை வாயில் அடக்கி வைத்திருந்த இருபத்திரண்டு நாளைச் சொல்லவில்லை. அது மேடத்துக்கு மட்டும் தெரியும். அவர் மாற்றலாகி எந்த ஊருக்கோ போய்விட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் பையன் ரவி எட்டிப் பார்த்தான். "அம்மா, இது என்ன, சாமான் லிஸ்ட்டா?" என்றான். அவன் டெல்லியில் பிறந்தவன். தமிழ் பேசுவான், சண்டை போடும்போது ஹிந்தி. எழுத்தைக் காட்டினால் ஜிலேபி என்பான். மெட்ரோவில் ஆபீசுக்குப் போய் வரவே அவனுக்கு நேரம் சரியாக இருக்கிறது. என் வீட்டில் இதைப் படிக்க ஆள் இல்லை.

செல்வி படிப்பாள். அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. எழுத்துக்கூட்டி, ஆனால் சத்தமாகப் படிப்பாள். அதனால் தபாலில் போடுவதற்கு முன் இந்தத் தாள்களை அவளிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன்.

செல்வி, உன் அம்மாவை உட்காரவைத்து இதை முழுக்கப் படித்துக் காட்டு. நாலாவது பகுதி வரும்போது அவசரப்படாதே. நீ வயிற்றில் ஐந்து மாசமா ஆறு மாசமா, போன வீடு நாலா ஐந்தா, பிஸ்கட் எத்தனை நாள் கொடுத்தேன் என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் சரியாகத் தெரியும். இருபத்திரண்டு நாள் என்பதையும் கேள். நான் மேடத்தின் காலண்டரில் எண்ணினது; அம்மா படியில் உட்கார்ந்து எண்ணியிருப்பாள். தப்பு இருக்கிற இடத்தில் பென்சிலால் அடித்து, அம்மா சொல்வதை மேலே எழுதிக் கொண்டுவா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால், அதையும் அப்படியே எழுது.